இடிக்கும் நாளுக்கு முன்: நிலச் சட்டத்தின் பக்கம் வரும் இளம் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இளம் வழக்கறிஞர்களுக்கு,



சட்டக் கல்லூரியில் கடைசி வருடம் படிப்பவர்களுக்கும், பார் கவுன்சிலில் பதிந்துவிட்டு ஒரு சீனியரின் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுகளைப் புரட்டிக்கொண்டிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் நிலம், வீடு, பத்திரம் என்ற பக்கம்தான் வரப்போகிறீர்கள். சென்னை, கோவை, மதுரை என எந்த ஊரிலும் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. தனிவீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். பழைய அடுக்குமாடிகளை இடித்து இன்னும் உயரமாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஒப்பந்தம் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றி, அதை எழுதுவதற்கு முன் நடக்கும் பேச்சைப் பற்றி, கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தராததன் விலையை வேறொருவர் கொடுத்தார்.

2018ஆம் வருடக் கடைசி. நங்கநல்லூரில் இரண்டு கிரவுண்டு மனை. பழைய ஓட்டு வீடு, பின்னால் கிணறு, கிணற்றடியில் இரண்டு தென்னை. எழுபதைத் தாண்டிய ஒரு அம்மா தனியாக இருந்தார். கணவர் இறந்து சில வருடம் ஆகியிருந்தது; மகன் வெளிநாட்டில், மகள் கோவையில். ஒரு பில்டர் ஜாயிண்ட் வென்ச்சருக்குக் கேட்டு வந்தார். நான் அம்மாவின் வக்கீல்.

பத்திர வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். தாய்ப்பத்திரத்திலிருந்து படித்தேன், முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டேன், பட்டாவில் இருந்த அளவை மனையில் போய் டேப் பிடித்து ஒப்பிட்டேன். கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தார். அப்போது அவருடைய தாயார் உயிரோடு இருந்ததால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்தத் தாயாருக்கும் ஒரு பங்கு உண்டு. அவரும் பிறகு காலமாகிவிட்டதால் அந்தப் பங்கில் அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் உரிமை வந்திருந்தது. அதைக் கண்டுபிடித்து, நாத்தனார் இருவரிடமும் விடுதலைப் பத்திரம் வாங்கிப் பதிவு செய்தேன். நானே என் வேலையை மெச்சிக்கொண்ட நாள் அது.

பேச்சு அந்த வீட்டுக் கூடத்திலேயே நடந்தது. காபி வந்தது. பில்டர் மரியாதையான மனிதர். "பாதிக்குப் பாதி, சார்" என்றார். அம்மாவும் தலையாட்டினார். பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு வாரத்தில் அவருடைய வக்கீல் தயாரித்த வரைவு வந்தது. அதில் பாதி என்ற சொல் எங்கும் இல்லை. "நில உரிமையாளருக்கு 3600 சதுர அடி" என்று இருந்தது. நான் கணக்குப் போட்டேன்: மனை 4800 சதுர அடி, அன்றைய எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5, ஆக 7200. அதில் பாதி 3600. சரியாக இருக்கிறதே என்று கையெழுத்து வாங்கிவிட்டேன்.

2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. எஃப்.எஸ்.ஐ. 2 ஆனது. அதே மனையில் இப்போது 9600 சதுர அடி கட்டலாம். கூடுதலாகக் கிடைத்த 2400 சதுர அடியும் பில்டருடையது, ஏனென்றால் அம்மாவுக்கு எழுதியிருந்தது எண், பங்கு அல்ல. பாதி என்று எழுதியிருந்தால் அவருக்கு 4800 வந்திருக்கும். நான் விட்டது 1200 சதுர அடி, அந்த ஏரியாவில் ஒரு இரண்டு படுக்கையறை வீடும் அதற்கு மேல் கொஞ்சமும்.

விவரத்தைச் சொன்னபோது அம்மா கோபப்படவில்லை. "நான் பாதிக்குப் பாதின்னுதானே தம்பி சொன்னேன்?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. கூடத்தில் பேசியது ஒன்று, காகிதத்தில் ஏறியது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் காவல் நிற்க வேண்டியவன் நான்.

இந்த இடத்தில் ஒன்று நடந்தது. பில்டருக்குக் கொடுத்த பவர் பத்திரத்தில், ஒப்பந்தத்தோடு இணைத்த வரைபடத்துக்கு அனுமதி வாங்கும் அதிகாரம் மட்டுமே எழுதியிருந்தது. புதிய விதிப்படி வரைபடத்தை மாற்றிச் சமர்ப்பிக்க அம்மாவின் கையெழுத்து வேண்டும். வீடும் இன்னும் இடிபடவில்லை. பில்டருக்கோ கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி அதே கூடத்தில் உட்கார்ந்தோம். இந்த முறை பதினைந்து நிமிடம் அல்ல, மூன்று சனிக்கிழமைகள். பில்டருக்கு உண்மையில் வேண்டியது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். பணத்தைவிட அவருக்குக் காலம் தேவைப்பட்டது. கட்டி முடிக்கும் கெடுவை ஆறு மாதம் நீட்டிக் கொடுத்தோம். அந்த ஆறு மாதத்துக்குப் பில்டர் தர வேண்டிய வாடகைப் பணத்தைக் கேட்பதில்லை என்று அம்மா ஒப்புக்கொண்டார். பதிலுக்கு 800 சதுர அடி திரும்பி வந்தது. துணை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்தோம்.

வீட்டை இடித்த பிறகு போயிருந்தால் அந்த 800 அடியும் கிடைத்திருக்காது. இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

கூரை தலைக்கு மேல் இருக்கும்வரை நில உரிமையாளர் "யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம். ஜே.சி.பி. வந்து போன மறுநாள் அவர் வாடகை வீட்டில் இருக்கிறார். மனையில் செங்கல் குவியல் மட்டும் கிடக்கிறது. அதன்பின் காத்திருக்க முடியாதவர் அவர்தான். ஆகவே கேட்க வேண்டியதை எல்லாம் அந்த நாளுக்கு முன்பே கேட்டு முடித்திருக்க வேண்டும். திட்ட அனுமதி கைக்கு வந்ததா? எந்த மாடியில் எந்த வீடு யாருக்கு என்ற ஒதுக்கீட்டு ஒப்பந்தம் கையெழுத்தானதா? அட்வான்ஸ் திருப்பித் தர வேண்டியதா, வேண்டாததா? வேலை பாதியில் நின்றால் யார், எந்தக் கணக்கில் வெளியேறுவது? இவற்றுக்கு முன் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்ல ஒரு வக்கீலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சட்டப் பிரிவிலும் இது இல்லை.

இனி உங்கள் படிப்புக்கு வருகிறேன். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளை எடுத்துப் பாருங்கள். நான்கு செயல்முறைப் பாடங்கள் கட்டாயம். அவற்றில் மாற்று முறைத் தீர்வு என்ற பாடத்தில் பேச்சுவார்த்தைத் திறன்தான் முதலில் நிற்கிறது. அதைப் பாவனைப் பயிற்சியாக, அனுபவமுள்ள வழக்கறிஞர்களைக் கொண்டு நடத்த வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். அதாவது ஏட்டில் குறையில்லை. என்னிடம் வந்த ஜூனியர்களை ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறேன்: "உங்கள் வகுப்பில் எதிரெதிரே உட்கார்ந்து பேரம் பேசிப் பார்த்தீர்களா?" ரெக்கார்டு நோட்டு எழுதிக் கையெழுத்து வாங்கினோம் என்றுதான் சொன்னார்கள். பத்திரம் எழுதும் பயிற்சியிலும் கிரயம், அடமானம், குத்தகை, தானம், உயில், பவர் என்று வரிசையாக எழுதுகிறீர்கள். இன்று நகரத்தில் நில உரிமையாளர் வாழ்நாளில் போடும் மிகப் பெரிய ஒப்பந்தமான கூட்டு மேம்பாட்டு ஒப்பந்தத்தை ஒரு முறையாவது கையில் தொட்டுப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அதைத் தொட்டால்தான் அதன் சிக்கல் தெரியும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் விற்பனை, அடமானம், குத்தகை, பரிவர்த்தனை, தானம் என்று வகை பிரிக்கிறது; ஜாயிண்ட் வென்ச்சர் அந்த வகை எதிலும் முழுதாக அடங்காது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் ஒரு காலைப் பிடித்திருக்கும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இன்னொரு காலை. அதற்கு மேல் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் (ரெரா), கட்டட விதிகள், வருமான வரி, ஜி.எஸ்.டி. ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் எழுதி நீங்கள் தேர்ச்சி பெற்றிருக்கலாம். ஒரே மேசையில் எல்லாம் சேர்ந்து வரும்போதுதான் பிரச்சினை.

நங்கநல்லூர் மனையையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெரா இருக்கிறதே, பயம் எதற்கு என்று அம்மாவின் மகன் போனில் கேட்டார். இரண்டு கிரவுண்டு என்பது ஏறத்தாழ 446 சதுர மீட்டர். நிலம் 500 சதுர மீட்டரையும் வீடுகளின் எண்ணிக்கை எட்டையும் தாண்டாத திட்டத்தை ரெராவில் பதிவு செய்ய வேண்டியதே இல்லை. வாங்குபவர்கள் தரும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்ற பாதுகாப்பு, பதிவான திட்டத்துக்குத்தான். சென்னையின் உள் தெருக்களில் எழும் சின்னச் சின்ன அடுக்குமாடிகளில் பல இந்த வரம்புக்குள் வருபவை. அங்கே நில உரிமையாளருக்குச் சட்டம் தராத காவலை ஒப்பந்தம்தான் தர வேண்டும். ஒப்பந்தத்தில் என்ன வரும் என்பது, அதற்கு முன் என்ன பேசினோம் என்பதைப் பொறுத்தது.

பெரிய மனையாக இருந்தால் வேறொரு கண்ணி. கட்டுபவர் ஒருவர், விற்பவர் இன்னொருவர் என்றால் இருவரையுமே புரோமோட்டர் என்று கொண்டு, இருவருக்கும் கூட்டாகப் பொறுப்பு வைக்கிறது 2016ஆம் ஆண்டுச் சட்டம். தன் பங்குக்கு வந்த நான்கு வீட்டில் இரண்டை விற்கும் ஓய்வு பெற்ற ஆசிரியருக்கு, தானும் புரோமோட்டராகக் கருதப்படலாம் என்று யார் சொல்வது? பில்டர் செய்யும் தாமதத்துக்கும் குறைக்கும் அவர் பதில் சொல்ல நேர்ந்தால், அந்த இழப்பைப் பில்டர் ஈடுகட்ட வேண்டும் என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இருக்கிறதா? அப்படி ஒரு ஷரத்தைப் பேச்சில் யாரும் தானாக முன்வந்து தர மாட்டார்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

வரியும் அப்படித்தான். 2017இல் வருமான வரிச் சட்டத்தில் சேர்ந்த ஏற்பாட்டின்படி, தனிநபரும் இந்துக் கூட்டுக் குடும்பமும் பதிவு செய்த ஒப்பந்தத்தின் கீழ் நிலத்தைக் கொடுத்தால், மூலதன ஆதாய வரி கையெழுத்திட்ட வருடத்தில் வராது. பணி நிறைவுச் சான்று கிடைக்கும் வருடத்தில்தான் வரும். நல்ல சலுகை. ஆனால் அந்தச் சான்று வருவதற்கு முன்பே தன் பங்கை விற்றுவிட்டால் சலுகை போய்விடும். மகள் கல்யாணத்துக்காக அவசரமாக ஒரு வீட்டை விற்க நேரிடுமா என்று கட்சிக்காரரிடம் முதல் நாளே கேட்கும் வக்கீல் நல்ல வக்கீல். சட்டம் தெரிந்தவர்கள் நிறைய உண்டு. கட்சிக்காரரின் குடும்பத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

தீர்ப்புகளைப் படிக்கும்போதும் முடிவை மட்டும் படிக்காதீர்கள்; பேச்சு எங்கே தவறியது என்று தேடிப் படியுங்கள். 2008இல் ஃபகீர் சந்த் குலாத்தி வழக்கில், டெல்லி கைலாஷ் காலனியில் மனை கொடுத்த உரிமையாளரை நுகர்வோர் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஒப்பந்தத்தின் தலைப்பில் கூட்டு முயற்சி என்று போட்டுவிட்டால் மட்டும் அது கூட்டு முயற்சி ஆகிவிடாது. நிர்வாகத்திலும் லாப நட்டத்திலும் பங்கில்லாதவர் கூட்டாளி அல்ல என்பது அதன் சாரம். நம் நங்கநல்லூர் அம்மா போன்றவர்களுக்கு நுகர்வோர் ஆணையத்தின் கதவைத் திறந்து வைத்தது இந்தத் தீர்ப்புதான். 2011இல் சூரஜ் லாம்ப் வழக்கில், பவர் பத்திரத்தை வைத்துக்கொண்டு விற்பனை நடத்துவது உரிமை மாற்றம் ஆகாது என்றார்கள். கூடவே, உண்மையான மேம்பாட்டு ஒப்பந்தங்களுக்காகத் தரும் பவரை அது பாதிக்காது என்றும் சொன்னார்கள். அந்தக் கூடுதல் வாக்கியத்தைத் தாண்டிப் போய்விடுபவர்கள் அதிகம். 2019இல் பயனியர் வழக்கு. குருகிராமில் வீடு வாங்குபவர் தவணை தவறினால் வட்டி 18 சதவீதம். பில்டர் தவறினால் 9 சதவீதம். இப்படி ஒரு பக்கம் சாய்ந்த ஷரத்தை நியாயமற்ற வணிக நடைமுறை என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. வாங்குபவருக்கு நீதி கிடைத்தது நல்லது. ஆனால் அந்த 18க்கும் 9க்கும் எதிராகக் கையெழுத்துக்கு முன்பே ஒருவர் குரல் கொடுத்திருந்தால் இத்தனை வருட அலைச்சல் தேவைப்பட்டிருக்காது.

பில்டரை எதிரியாக வைத்துப் பேசச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களில் பாதிப்பேர் அவர்கள் பக்கம்தான் உட்காரப்போகிறீர்கள், அதில் தவறே இல்லை. அவருக்கும் நியாயமான பயங்கள் உண்டு. நில உரிமையாளர் நடுவில் இறந்தால் பவர் செல்லுமா என்பது ஒன்று. ஒப்பந்தச் சட்டத்தின் 201, 202 பிரிவுகளை மனப்பாடமாக அல்ல, பொருளறிந்து படித்திருந்தால் அந்தப் பயத்துக்கு ஏற்ற ஷரத்தை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். வாரிசுகள் கடைசி நேரத்தில் வந்து நிற்பார்களோ என்பது இன்னொன்று. எதிரே இருப்பவரின் பயம் தெரிந்தால், உங்கள் கட்சிக்காரர் குறைந்த செலவில் கொடுக்கக்கூடியது எது என்று தெரிந்துவிடும். நாங்கள் ஆறு மாதம் கொடுத்து 800 அடி வாங்கியது அப்படித்தான்.

எனக்குப் பொறுக்காத வழக்கம் ஒன்று உண்டு. "எதுக்கும்மா தனி வக்கீல், நம்ம வக்கீலே ரெண்டு பேருக்கும் எழுதிடுவார்" என்பார்கள். நில உரிமையாளருக்கு வக்கீல் செலவு மிச்சம் என்று தோன்றும். அந்த இருக்கையில் உங்களை உட்காரச் சொல்லும் நாள் வரும். ஃபீஸும் நன்றாக இருக்கும். மறுத்துவிடுங்கள். "அம்மா, நான் அவருக்கு வேலை செய்கிறேன், நீங்கள் உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

வரப்போகும் வேலை இன்னும் கடினம். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பழைய குடியிருப்பை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும் என்கிறது. எல்லாரும் கையெழுத்திட்டால்தான் என்று இருந்த நிலை மாறியிருக்கிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் 24 வீட்டில் 16 வீடு சம்மதித்த பிறகு மீதி எட்டு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவர் நீங்கள். அதில் ஒருவர் படுத்த படுக்கையாக இருப்பார். ஒருவர் வீட்டை அடமானம் வைத்திருப்பார். ஒருவருக்குத் தரைதளம் தவிர வேறு எதுவும் ஆகாது. சட்டம் அவர்களைக் கட்டுப்படுத்தும் என்று நோட்டீஸ் அனுப்பலாம். அனுப்புவதற்கு முன் அவர்கள் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்டால், பாதி வழக்கு பிறக்காது. பில்டரோடு பேசுவதற்கு முன், ஒரே பக்கத்தில் இருக்கும் 24 குடும்பங்களுக்குள் பேசி முடிப்பதுதான் முதல் வேலை. 2005இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையம் தொடங்கி இந்தியாவுக்கே வழி காட்டிய ஊர் இது. வழக்கு வந்த பிறகு பேசத் தெரிந்த நமக்கு, வழக்கு வருவதற்கு முன் பேசத் தெரிய வேண்டாமா?

இதைக் கற்கப் பெரிய படிப்பு வேண்டாம். கல்லூரியில் நடக்காவிட்டால் நீங்களே நடத்திக்கொள்ளலாம். எட்டுப் பேர் சேருங்கள். நான்கு பேர் நில உரிமையாளர் பக்கம், நான்கு பேர் பில்டர் பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மற்றவருக்குத் தெரியாத ஒரு ரகசியத் தாள்: இவருக்கு மருத்துவச் செலவு இருக்கிறது, அவருக்கு மார்ச்சுக்குள் வங்கிக்குக் கட்ட வேண்டும். பேசுங்கள், எழுதுங்கள், பிறகு தாள்களை மாற்றிப் படியுங்கள். பேசியதும் எழுதியதும் ஒன்றுதானா என்று வரி வரியாகப் பாருங்கள். அடுத்த வாரம் பக்கம் மாறி உட்காருங்கள். இடையில் ஒரு நாள் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திர எழுத்தரோடு உட்காருங்கள்; ஒரு நாள் ஆர்க்கிடெக்டிடம் போய் ஏரியா ஸ்டேட்மென்ட் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கட்டட விதிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாகப் படியுங்கள். திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. சாலை அகலத்தைப் பொறுத்து அதிகபட்சம் 50 சதவீதம் வரை பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம் என்கிறார்களே, அந்தக் கட்டணத்தை யார் கட்டுவது, கிடைக்கும் பரப்பு யாருக்கு என்று உங்கள் வரைவில் இருக்கிறதா பாருங்கள்.

என் பங்குக்கு நான் செய்ய முடிந்தது இது: மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை என் அலுவலகம் உங்களுக்குத் திறந்திருக்கும். எந்தக் கல்லூரி, எந்த சீனியர் என்று கேட்க மாட்டேன். ஃபீஸ் கிடையாது. நங்கநல்லூர் ஒப்பந்தத்தின் முதல் வரைவையும் துணை ஒப்பந்தத்தையும் பெயர்களை மறைத்து எடுத்து வைத்திருக்கிறேன். அம்மாவிடம் அனுமதி கேட்டபோது, "படிக்கற பிள்ளைங்களுக்குன்னா கொடுங்க தம்பி" என்றார். அவர் இப்போது அதே மனையில் முதல் மாடியில் குடியிருக்கிறார். முதல் கூட்டத்தில் அந்த இரண்டு காகிதங்களையும் படிப்போம். வரும்போது ஒரு கால்குலேட்டர் கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு நிலச் சொத்து வழக்கறிஞர்